ஒரு பெயரும் ஆறு மீனும்

பிராட்வேயில் எந்தக் கடையில் துணி மலிவு, எந்தக் கடையில் பாத்திரம் உறுதி என்று நம் மன்றத்து நண்பர்களுக்கு நன்கு தெரியும். ஆனால் காயலைக் கடந்து மட்டாஞ்சேரிப் பக்கம் போனால் தோப்பும்படியில் மீன்பிடித் துறைமுகம் ஒன்று இருக்கிறது. அங்கே ஏலம் கூறும் குரல்களுக்கு நடுவே குமரி மாவட்டத்துத் தமிழ் நாளும் ஒலிக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய ஊர்களைச் சேர்ந்த மீனவர் பலர் கொச்சியையே தொழில் துறையாகக் கொண்டு ஆழ்கடலுக்குச் செல்கின்றனர். சுறா வேட்டையில் பெயர் பெற்றவர்கள். வாரக் கணக்கில் கடலில் தங்கி, கரை கண்ணுக்கு மறைந்த நெடுந்தொலைவில் தூண்டில் இடுபவர்கள். 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் இவ்வூர்களில் எத்தனையோ வீடுகளின் ஆண்மக்களைக் கொண்டுபோயிற்று.

இவர்கள் கொண்டுவரும் மீன்களில் சுறாவும் சூரையும் நமக்குப் பழக்கமானவை. அவற்றோடு, மேல்தாடை ஈட்டிபோல் நீண்ட பெரிய மீன்கள் சிலவும் வந்து இறங்குகின்றன. தமிழில் மயில்மீன் என்றும் கொப்பரன் என்றும் இவற்றுக்குப் பெயருண்டு. மலையாளிகள் ஓலமீன் என்றும் ஓலக்கொடி என்றும் சொல்வர். ஏலக்காரருக்கு இவை பெரும்பாலும் ஒரே சரக்கு. உயிர்நூல் படிப்பவனுக்கோ ஆறு தனித்தனி இனங்கள்! இந்த வேற்றுமை வெறும் ஏட்டு வேற்றுமைதானா, அதனால் யாருக்கேனும் நன்மை தீமை உண்டா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் ஆறு பேரையும் அறிமுகம் செய்துவிடுகிறேன். வாள்மீன் தனிக் குடும்பம். அதன் கூர் வாளைப்போல் தட்டையானது. வளர்ந்த மீனுக்குச் செதிலும் இல்லை, பல்லும் இல்லை, வயிற்றுத் துடுப்பும் இல்லை. மற்ற ஐந்தும் இன்னொரு குடும்பம்: மயில்மீன், கறுப்பு மார்லின், நீல மார்லின், வரி மார்லின், குறுங்கூர் ஈட்டிமீன். இவ்வைந்தின் கூரும் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உருண்டையாக இருக்கும். இந்தியக் கரைக்கு மிகுதியாக வருவது மயில்மீன். முதுகில் தோகை விரித்ததுபோல் உயர்ந்து நிற்கும் துடுப்பே அப்பெயருக்குக் காரணம். பருமனில் தலைமை மார்லின்களுக்கு. 1953ஆம் ஆண்டு பெரு நாட்டுக் கடலில் தூண்டிலில் பிடிபட்ட கறுப்பு மார்லின் ஒன்று 1560 பவுண்டு, அதாவது 700 கிலோவுக்கும் மேல் இருந்தது. இத்தகைய பேருருவங்கள் எல்லாம் பெண் மீன்களே என்பதையும் சொல்லி வைக்கிறேன். ஆண்கள் அவற்றின் பக்கத்தில் சிறுவர்கள்தாம்.

இந்தக் கூர் எதற்கு? எதிரியைக் குத்துவதற்கு என்று எண்ணுவது இயல்பு. குத்துவதும் உண்டுதான். 1967இல் அமெரிக்காவின் ‘ஆல்வின்’ என்ற நீர்மூழ்கி ஏறத்தாழ 600 மீட்டர் ஆழத்தில் இருந்தபோது வாள்மீன் ஒன்று பாய்ந்து, தன் கூரை அதன் உடலில் செருகிக்கொண்டு, மீள முடியாமல் அதனோடேயே மேலே வந்து சேர்ந்தது! ஆனால் நாள்தோறும் இரை தேடும்போது நடப்பது வேறு. கடலுக்குள் நுண்ணிய படக்கருவிகளைக் கொண்டு சென்று மயில்மீன்களின் வேட்டையைப் படம்பிடித்து 2014இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். மயில்மீன் சாளைக் கூட்டத்தை நெருங்கி, கூரை மெல்ல அக்கூட்டத்தினுள் நுழைக்கிறது. சிறு மீன்கள் அதை உணர்ந்து கலைவதாகவே தெரியவில்லை. கூர் அத்தனை மெலிது. பிறகு சட்டென்று பக்கவாட்டில் ஒரு வீச்சு! அடிபட்டுத் தடுமாறும் மீன் வாய்க்குள் போகிறது. ஆகவே இது ஈட்டி அன்று. சிலம்பக் கழி என்பதே பொருத்தம். இன்னொரு வேடிக்கையையும் 2017இல் கண்டறிந்தார்கள். சில மீன்கள் இடப்பக்கமாகவே வீசும், சில வலப்பக்கமாகவே வீசும். ஒரு மீன் மட்டும் தனியே வேட்டையாடினால் அதன் பக்கத்தைச் சாளைகள் ஊகித்துத் தப்பிவிடலாம். இடங்கையரும் வலங்கையரும் கலந்த கூட்டமாய் வந்தால் ஊகிப்பது எப்படி?

விரைவைப் பற்றியும் ஒரு சொல். மணிக்கு 110 கிலோமீட்டர் ஓடும் மீன் மயில்மீன் என்று பொது அறிவு நூல்கள் எல்லாம் சாதிக்கின்றன. நம்மில் பலர் அதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்போம். அதன் மூலத்தைத் தேடினால், புளோரிடாவில் தூண்டிலில் சிக்கிய ஒரு மீன் 3 வினாடியில் 100 கஜம் நூலை இழுத்தது என்ற பழங்கதையில் போய் முடிகிறது. 100 கஜம் என்பது 91 மீட்டர். வினாடிக்கு 30 மீட்டர். மணிக்கு 110 கிலோமீட்டர். கணக்கு சரி, அளவைதான் பிழை. துள்ளிக் குதிக்கும் மீன் நூலை இழுப்பதும் நீருக்குள் நீந்துவதும் ஒன்றாகுமா? மீனின் தசை ஒருமுறை சுருங்க எவ்வளவு நேரம் ஆகிறது, ஒரு வாலடிக்கு அது எவ்வளவு தூரம் முன்னேறுகிறது என்று அளந்து 2016இல் கணித்தபோது வினாடிக்கு 8.3 மீட்டர் என்று வந்தது; மணிக்கு 30 கிலோமீட்டர். அதற்கு மேல் போவதும் எளிதன்று. வினாடிக்கு 10 முதல் 15 மீட்டர் வேகத்தில் நீர் ஆவிக் குமிழிகளாகப் பிரிந்து வெடிக்கத் தொடங்கும். அது மீனின் துடுப்பையே அரித்துவிடும். கப்பல் விசிறிகளின் உலோகம் அரிக்கப்படுவதும் இதனாலேயே. பௌதிக நண்பர்கள் இதை இன்னும் அழகாக விளக்குவார்கள்.

வேகத்தைவிட வியப்பானது இவற்றின் கண். மீன்கள் குளிர் இரத்தப் பிராணிகள் என்று படிக்கிறோம். வாள்மீனும் மார்லின்களும் இந்த விதிக்கு ஓரளவு விலக்கு. கண்ணைச் சுழற்றும் தசைகளில் ஒன்று, சுருங்கும் தொழிலையே விட்டுவிட்டு, அடுப்பாக மாறியிருக்கிறது. அதன் அணுக்களில் சுருங்கும் இழைகள் இல்லை; ஆற்றல் விளைவிக்கும் நுண்ணுறுப்புகள் நிறைந்திருக்கின்றன. கால்சியத்தை ஓர் உறைக்குள் இறைப்பதும், அது கசிந்து வெளியேறுவதும், மறுபடி இறைப்பதுமாக ஓயாமல் ஆற்றலைச் செலவிட்டு வெப்பம் உண்டாக்குகின்றன. ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புகிறவனுக்கு வியர்ப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்! 1980களில் காரி, பிளாக் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதை விளக்கினர். பயன் என்ன என்பதை 2005இல் வாள்மீனின் விழித்திரையைக் கொண்டு கண்டனர்: வெதுவெதுப்பான கண், குளிர்ந்த நீரின் வெப்பநிலையிலேயே உள்ள கண்ணைக் காட்டிலும் பத்து மடங்குக்கு மேல் விரைவான அசைவுகளைப் பிரித்தறியும். ஆழத்து இருளில் பாய்ந்தோடும் கணவாயைப் பிடிக்க வேறென்ன வேண்டும்?

இனிப் பெயர் விஷயத்துக்கு வருவோம். முழு மீனாகக் கிடந்தால் இனம் பிரிப்பது கடினமன்று. கறுப்பு மார்லினின் மார்புத் துடுப்பு விறைத்து நிற்கும். உடலோடு மடக்க முயன்றால் ஒடியுமே தவிர மடங்காது. நீல மார்லினுக்கும் வரி மார்லினுக்கும் அது மடங்கும். இவ்விரண்டில், முதுகுத் துடுப்பின் முன்முனை உடலின் உயரத்துக்கு இணையாகவோ மேலாகவோ இருந்தால் வரி மார்லின். குறைவாக இருந்தால் நீலம். உடலின் கோடுகளை நம்பக் கூடாது. உயிரோடிருக்கையில் வேட்டைக்குப் பாயும் வரி மார்லின் விளக்கேற்றியதுபோல் ஒளிர்வதை 2024இல் வானிலிருந்து படம்பிடித்துக் காட்டினர். செத்த பிறகு அந்த வண்ணம் மங்கிப்போகிறது.

குறுங்கூர் ஈட்டிமீன்தான் எளிதில் ஏமாற்றும். மெலிந்த உடல், பெரும்பாலும் 20 கிலோ அளவே. கூர் பெயருக்குத்தான், கீழ்த்தாடையைக் காட்டிலும் சற்றே நீளம். வேறொரு மீனின் கூர் ஒடிந்துவிட்டது என்றே பார்ப்பவர் நினைப்பர். ஆழ்கடற் படகுகளில் இடம் அடைப்பதால் கூரை வெட்டுவதும் தலையையே நீக்குவதும் வழக்கம். அப்போது என்ன செய்வது? அடிவயிற்றைப் பார்க்க வேண்டும். மார்லின்களுக்கு மலத்துளை பின்துடுப்பை ஒட்டியே இருக்கும். ஈட்டிமீனுக்கு அது துடுப்பைவிட்டு வெகுவாக முன்னே தள்ளி அமைந்திருக்கும். கூச்சப்படாமல் அங்கே விரல் வைத்துப் பார்ப்பவருக்கே விடை கிடைக்கும்.

இந்த விரலளவு இடைவெளியைக் கவனியாமல் விட்டதால் நேர்ந்த கதை ஒன்று அட்லாண்டிக் கடலில் உண்டு. மதீராத் தீவில் இருந்த லோ என்ற ஆங்கிலப் பாதிரியார் 1840இலேயே அங்குள்ள ஈட்டிமீன் ஒன்றுக்குப் பெயரிட்டு எழுதினார். அது பார்வைக்கு அங்குள்ள வெள்ளை மார்லினைப் போலவே இருந்தது. அப்படி ஓர் இனம் உண்டா என்றே பின்வந்தோர் ஐயுற்றனர். மீனவர் பிடித்தவையெல்லாம் வெள்ளை மார்லின் என்றே ஏடுகளில் பதிவாயின. 2006ஆம் ஆண்டில்தான், மரபணுவைச் சோதித்து, அது தனி இனமே என்று நிலைநாட்டினர். அடையாளம் எது? செதிலின் வடிவமும், அதே மலத்துளை இடைவெளியும்! வெள்ளை மார்லின் குறைந்து வருகிறது என்று கவலைப்பட்டு எண்ணிய கணக்குகளில் கணிசமானவை வேறொரு மீனின் கணக்காயிருந்தன. எது எவ்வளவு இருந்தது, எவ்வளவு அழிந்தது என்று பழைய ஆண்டுகளுக்குத் திரும்பிப் போய் இனி எண்ண முடியுமா?

நம் கடலிலும் இந்தக் கேள்வி எழுகிறது. இந்துமாக்கடல் சூரை ஆணையம் என்ற பன்னாட்டு அமைப்பு செஷல்ஸ் நாட்டு விக்டோரியா நகரில் இயங்குகிறது. இந்தியா அதில் உறுப்பினர். நம் கடலின் வரி மார்லின் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டு நலிந்திருக்கிறது என்பது அதன் அறிவியற் குழுவின் முடிவு. 2018இல் இவ்வாணையம் மூன்று மார்லின்களுக்கும் மயில்மீனுக்கும் தனித்தனியே உச்ச அளவு வகுத்தபோது, வரி மார்லினுக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 3260 டன்; மயில்மீனுக்கு 25,000 டன். இவ்வளவு வேற்றுமையுள்ள இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால் என்ன ஆகும்? மிகுதியாக உள்ளதன் எண்ணிக்கை, நலிந்ததன் நலிவை மூடி மறைத்துவிடும். குறுங்கூர் ஈட்டிமீனுக்கோ அவ்விதியில் தனி வரம்பே வகுக்கவில்லை.

இத்துறையில் நம் நாட்டார் பின்தங்கியவர் அல்லர். 1947இல் தோன்றிய நடுவண் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம், 1971இல் கொச்சிக்கு வருமுன் இராமநாதபுரம் கரையில் மண்டபம் முகாமில்தான் இருந்தது. அங்கே 1962 ஜனவரியில் சூரை இனங்களையும் அவற்றின் சுற்றத்தையும் பற்றி ஒரு பெரும் ஆய்வரங்கம் கூடியது. நிலையத்தின் இயக்குநராயிருந்த எஸ். ஜோன்ஸ், குமரன் என்பாருடன் சேர்ந்து, டென்மார்க் நாட்டு ‘டானா’க் கப்பல் திரட்டிய கூர்மூக்கு மீன்களின் குஞ்சுகளை ஆராய்ந்து, எந்தெந்தக் கடலில் அவை பொரிகின்றன என்று எழுதினார். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள, கூரே முளையாத குஞ்சுகளை இனம் பிரித்தவர்கள் இருந்த நாடு இது!

வாங்கி உண்பவருக்கும் பெயர் தெரிவது நல்லது. பெரிய மார்லினும் வாள்மீனும் பல ஆண்டு வாழ்ந்து, பிற மீன்களைத் தின்று, அவற்றிலுள்ள பாதரசத்தைத் தம் தசையில் சேர்த்துக்கொள்பவை. கருவுற்ற பெண்கள் இவ்விரண்டையும் தவிர்க்க வேண்டும் என்பது அமெரிக்க உணவுத் துறையின் அறிவுரை. சந்தையில் தோலுரித்த துண்டுகளாகக் கிடக்கும்போது எந்த மீன் என்று யார் சொல்வது?

அந்த 2018ஆம் ஆண்டு விதியிலேயே இன்னொரு பகுதி உண்டு: 60 செண்டிமீட்டருக்குக் குறைந்தவற்றைப் படகில் வைத்துக்கொள்ளாமல் உடனே கடலில் விட்டுவிட வேண்டும். அந்த 60 செண்டிமீட்டரைக் கூரின் நுனியிலிருந்து அளப்பதில்லை. கீழ்த்தாடையின் நுனியிலிருந்து வாலின் கவட்டை வரையில் அளக்க வேண்டும். கூர் ஒடியலாம், வெட்டப்படலாம். கீழ்த்தாடை அப்படி எளிதில் போய்விடாது.