புத்தாண்டில் ஒரு பாவு

சித்திரை முதல் நாளன்று புதுப் பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்து, வரும் ஆண்டின் ஆதாய விரயத்தை எண்ணிப் பார்ப்பது நம் இல்லங்களின் வழக்கம். அதற்கு இரு வாரங்களுக்கு முன்பே, மார்ச் 31-ஆம் தேதியோடு நமது சங்கங்களின் கணக்காண்டு முடிவுற்று, புதுப் பேரேடு திறக்கப்படுகிறது. ஆகவே நெசவுக் கூட்டுறவாளருக்கு வீட்டுப் புத்தாண்டும் சங்கப் புத்தாண்டும் ஏறத்தாழ ஒரே வேளையில் வந்து சேர்கின்றன. இத்தருணத்தில் எவ்வளவு நெய்வது, எவ்வளவு விற்பது என்று யாவரும் கணக்கிடுகிறோம். எதை நெய்வது, எந்த வேலைப்பாட்டைக் கற்பது என்று எண்ணுவோர் மிகச் சிலரே. இக்குறையைப் பற்றியும், அதனை நீக்கும் வழியைப் பற்றியும் அங்கத்தினர்களுக்குச் சில கூற விழைகிறேன்.

நான் இப்பணியில் சேர்ந்த புதிதில், ஒரு சங்கத்தின் கூட்டத்தில் “இவ்வாண்டில் பத்துப் புதிய வடிவங்கள் நெய்வோம்” என்று தீர்மானம் நிறைவேறியது. அதனை ஊக்கியவர்களில் நானும் ஒருவன். பங்குனியில் தணிக்கைக்காக உற்பத்திப் பதிவேட்டைப் புரட்டியபோது, முந்தைய ஆண்டின் அதே வடிவ எண்களே பக்கந்தோறும் நின்றன. புதியது ஒன்றேனும் இல்லை. காரணம் யாது என்று மூத்த நெசவாளர் ஒருவரை வினவினேன். “தீர்மானம் நோட்டுப் புத்தகத்தில் ஏறிற்று, ஐயா, தறியில் ஏறவில்லையே” என்றார் அவர்.

பின்னர் அவரே விளக்கமும் தந்தார். படம் வரைபவர் யார் என்று ஒருவரும் குறிப்பிடவில்லை. அட்டை அடிக்கும் செலவை யார் ஏற்பது என்றும் பேச்சில்லை. புது வேலைப்பாட்டின் முதல் புடவைக்கு வழக்கத்தினும் மிகுந்த நாட்கள் செல்லும். கூலியோ பழைய விகிதமே. புடவை விலைபோகாது தங்கிவிட்டால் நட்டம் யாருடையது என்பதும் தெளிவில்லை. இவ்வளவு ஐயங்களுக்கிடையே, குடும்பத்தின் அன்றாடக் கூலியைப் பணயம் வைக்க எந்த நெசவாளர்தான் துணிவார்? தவறு நெய்வோரிடம் இல்லை; செலவைக் கூறாது ஆசையை மட்டும் கூறிய எங்கள் தீர்மானத்திலேயே இருந்தது.

புது வடிவம் ஒன்று புடவையாகும் வழியைச் சிறிது நோக்குவோம். முதலில் கட்டத்தாளில் படம் எழுத வேண்டும். நெடுங்கோடுகளுக்கு இடைப்பட்ட வரிசை பாவு இழையையும், குறுக்கு வரிசை ஊடை இழையையும் குறிக்கும். எக்கட்டத்தில் பாவு மேலெழ வேண்டும் என்பதற்கேற்ப ஜக்கார்டு அட்டைகளில் துளையிடுவர். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை என்பது கணக்கு. கணிப்பொறியில் படம் எழுதும் முறையும் மின்னணு ஜக்கார்டும் இன்று வந்துள்ளமையால் இவ்வேலை பெரிதும் எளிதாகியுள்ளது. ஆயினும், நிறம் தேர்ந்து சாயமிடுதலும், பாவு ஏற்றுதலும், கை பழகுதலும் முன்போலவே நாட்களையும் பொறுமையையும் வேண்டுவன.

வடிவத்தினும் அருமையானது வேலைப்பாடு. காஞ்சிப் பட்டின் உயிர்நாடி கோர்வை. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரு நாடாக்கள் என மூன்று நாடாக்களைக் கொண்டு, ஒவ்வொரு ஊடையிலும் கரை இழையும் உடல் இழையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளுமாறு நெய்வது அது. இதனாலேயே உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக, கலப்பின்றித் தெளிவாக நிற்கின்றன. முந்தி வேறு நிறமாயின், பழைய பாவின் இழைகளோடு புதுப் பாவின் இழைகளைப் பிணைத்து நெய்யும் ‘பிட்னி’ முறையும் வேண்டும். 2005-ஆம் ஆண்டில் காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. அக்குறியீடு நமது பெயரைக் காக்கும். வேலைப்பாட்டைக் காக்க வேண்டியவர்கள் நாமே.

கோர்வைக்கு மறுபுறம் அமர்ந்து நாடா கொடுக்க இன்னொருவர் தேவை. முற்காலத்தில் சிறுவர்களை அவ்விடத்தில் அமர்த்தினர். அது பெருந்தவறு; அப்பிள்ளைகளின் இடம் பள்ளியே என்பதில் ஐயமில்லை. ஆனால் சிறுவரை நீக்கியபின், அவ்விடத்தில் அமரும் பெரியவருக்கு உரிய கூலியை நாம் முழுமையாக எண்ணவில்லை. எனவே பல வீடுகளில் கோர்வை நின்று, ஒருவரே நெய்யத்தக்க எளிய கரைகள் அவ்விடத்தைப் பிடித்தன. கோர்வை புத்தகத்தில் கற்கும் கலையன்று. மனைவி கணவனுக்கும், தந்தை மகளுக்கும் எதிரெதிரே அமர்ந்து கைமாற்றுவது. ஒரு தலைமுறை பாவு ஏற்றாது விட்டால், அடுத்த தலைமுறைக்குக் காட்டுவாரும் இரார்.

ஆதலின், பத்து வடிவங்கள் என்ற பேராசை வேண்டா. தறிக்கு ஆண்டில் ஒரு பாவு போதும் என்பதே என் துணிபு. ஒரு பாவில் பெரும்பாலும் மூன்று புடவைகள் நெய்கிறோம். கோர்வைப் புடவையொன்றுக்குப் பதினைந்து நாள் எனக் கொண்டால், ஒரு பாவுக்கு 45 நாட்கள். பண்டிகையும் மழையும் நோயும் நீக்கி ஆண்டில் ஆறு பாவுகள் என்றால், ஐந்து பாவுகள் வழக்கமான வருவாய்க்கு. ஒன்று மட்டும் கற்றலுக்கு.

அந்த ஒரு பாவுக்குக் காலமும் குறித்தல் நலம். சித்திரையில் வடிவத்தைத் தேர்ந்து படம் எழுதலாம். வைகாசியில் அட்டையும் சாயமும் முடியும். ஆனியில் பாவு ஏற்றினால், கை பழகும் தாமதம் உட்பட ஆடி முடிவுக்குள் மூன்று புடவைகளும் இறங்கிவிடும். ஆடியில் முகூர்த்தம் இல்லை. அவசர ஆர்டரும் குறைவு. மெதுவாக நெய்து பழக அதுவே ஏற்ற மாதம். புடவைகள் ஆவணி முகூர்த்தத்திற்கும் தீபாவளி விற்பனைக்கும் கிடைக்கும். ஐப்பசி மழையில் தெருவில் பாவு தோய இயலாது. குழித்தறியில் ஈரமும் ஏறும். அக்காலத்தில் புது முயற்சி தொடங்குவது அறிவுடைமை ஆகாது.

வடிவத்திற்கு எங்கே போவது என்று கேட்கலாம். தாழம்பூ, மயில்கண், ருத்திராட்சம், மல்லிமொக்கு, வைர ஊசி, பாலும் பழமும், முத்துக் கட்டம் என நம் முன்னோர் பெயரிட்டு வைத்த செல்வம் குறைவற்றது. வீட்டுப் பெட்டியில் உள்ள பாட்டியின் கூறைப்புடவையே சிறந்த பாடநூல். சென்னையில் ருக்மிணி தேவி அம்மையார் நிறுவிய கலாக்ஷேத்திரத்தின் நெசவுப் பிரிவு, பழம் புடவைகளின் நிறங்களையும் அகன்ற கரைகளையும் மீண்டும் நெய்வித்தே புகழ் பெற்றது. நம் ஊரில் உள்ள நெசவாளர் சேவை மையத்திலும் வடிவ உதவியை நாடலாம்.

இனி, நிர்வாகக் குழுவினர் புத்தாண்டுத் தீர்மானத்தில் எழுத வேண்டியவை நான்கு:

1. நெய்பவர், துணை அமர்பவர் ஆகிய இருவரின் பெயரும் தறி எண்ணும்.

2. படம், அட்டை, சாயம் ஆகியவற்றின் செலவுத் தொகையும், துணைவிதிகள் இடந்தரும் எந்த நிதியிலிருந்து அது வரும் என்பதும்.

3. முதல் புடவைக்கு நாட்கணக்கில் பழகு கூலி. துணை அமர்பவருக்குத் தனிக் கூலி.

4. மூன்று புடவைகளையும் சங்கமே பெற்றுக்கொள்ளும் என்ற உறுதியும், பாவு ஏறும் தேதியும், இறங்கும் தேதியும்.

இந்நான்கும் இல்லாத தீர்மானத்தை நிறைவேற்றாது விடுவதே மேல். எழுதிய தேதி வந்ததும் குழுவினர் இருவர் தறிக்கே சென்று பார்த்தல் வேண்டும். ஆய்வுக்கு வரும் நானும் என் குறிப்பேட்டில் அத்தேதியைக் குறித்துக்கொள்ளக் கடமைப்பட்டவன்.

விவசாய அங்கத்தினர்களுக்கு இம்முறை புதிதன்று. புதிய விதையை வயல் முழுதும் இறைக்காமல், முதலில் ஒரு பாத்தியில் இட்டுப் பார்ப்பதே அவர்தம் வழக்கம். மல்பெரி வளர்ப்போரும் புதிய இரகத்தைச் சிறு பரப்பில் நட்டுத் தெளிந்த பின்னரே பெருக்குவர். பாத்தி பொய்த்தாலும் குடும்பம் பசிப்பதில்லை. தழைத்தாலோ மறு ஆண்டுக்கு விதை கிடைக்கிறது. நெசவில் ஒரு பாவு என்பதும் அத்தகையதே.

கூட்டுறவுச் சட்டம் 1904-ஆம் ஆண்டில் பிறந்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் நம் காஞ்சியில் பதிவாயிற்று. தனியொருவர் தாங்கவியலாத துணிவைப் பலர் கூடித் தாங்கலாம் என்று அன்றே கண்ட ஊர் இது. கோர்வைக்கு எதிரெதிரே இருவர் அமர வேண்டியிருப்பது போல, அவ்விருவருக்குப் பின்னே சங்கமும் அமர வேண்டும். வரும் சித்திரையில் சங்கத்துக்கு ஒரு தறியேனும் இவ்வாறு குறிக்கப்படுமாயின், அடுத்த பங்குனியில் பதிவேட்டைப் புரட்டும்போது ஒரு புதிய எண்ணைக் காணும் மகிழ்ச்சி நம் அனைவருக்கும் கிட்டும்.