ஓரெழுத்துப் பிழையும் உயிரணு ஆய்வும்

மொழி பயில்வோராகிய நாம் ஓரெழுத்தின் ஆற்றலை நன்கு அறிவோம். 'அரம்' என்பது இரும்பை அராவும் கருவி; 'அறம்' என்பது வாழ்வை நெறிப்படுத்தும் பண்பு. ஏட்டைப் பெயர்த்தெழுதியோர் ஓரெழுத்தை மாற்றி எழுதியமையால் பாடலின் பொருளே திரிந்த இடங்களைப் பதிப்பாசிரியர் பலர் சுட்டிக்காட்டியுள்ளனர். உடலுக்குள்ளும் இத்தகைய எழுத்து முறை ஒன்று உண்டு. அங்கு நேரும் ஓரெழுத்துப் பிழை உயிரையே வாட்டும். அவ்வாறான பிழை ஒன்றினையும், அதனை வெல்ல உயிரணு ஆய்வு இன்று கண்டுள்ள வழியினையும் இக்கட்டுரையில் காண்போம்.

நான்கெழுத்து நூல்

உயிரணுவின் உட்கருவில் உள்ள டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையே நம் உடலின் நூல். அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கு வேதிப்பொருள்களே அதன் எழுத்துகள். பெற்றோர் ஒவ்வொருவரிடமிருந்தும் நாம் பெறும் தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. மூன்று எழுத்துகள் சேர்ந்து ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். அமினோ அமிலங்கள் மணிகளைப் போல் வரிசையாகக் கோக்கப்பெற்றுப் புரதம் உருவாகிறது.

குருதியின் சிவப்பணுக்களில் உயிர்வளியைச் சுமந்து செல்லும் புரதம் ஹீமோகுளோபின். அதன் பகுதியாகிய பீட்டா இழையில் 146 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றுள் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் அமைதல் வேண்டும். மரபணுவில் அவ்விடத்துக்குரிய அடினைன் என்னும் எழுத்து தைமினாக மாறிவிடின் வேலின் என்னும் வேறோர் அமிலம் அங்கு வந்து அமர்ந்துவிடுகிறது. பிழை இவ்வளவே. ஆயின் விளைவோ பெரிது. உயிர்வளியை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட கோல்களாக இறுகுகின்றன. வட்டமான சிவப்பணு அரிவாள் போல் வளைகிறது; நுண்ணிய குருதிக் குழல்களில் சிக்கித் தாங்கொணா வலியை உண்டாக்குகிறது; உறுப்புகளையும் சிதைக்கிறது. ஏறத்தாழ 120 நாள்கள் வாழவேண்டிய சிவப்பணு 10 முதல் 20 நாள்களில் மடிகிறது. இதுவே அரிவாள் உயிரணுச் சோகை.

பிழை கண்ட வரலாறு

1910இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், கிரெனடா தீவிலிருந்து வந்து பல் மருத்துவம் பயின்ற மாணவர் ஒருவரின் குருதியில் காணப்பட்ட வளைந்த அணுக்களைப் பற்றி எழுதினார். 1949இல் லைனஸ் பாலிங்கும் அவர்தம் துணைவரும் இந்நோய்க்குக் காரணம் ஹீமோகுளோபின் மூலக்கூற்றின் மாறுபாடே என நிறுவினர். அம்மாறுபாடு ஒரே அமினோ அமிலத்தில் அடங்கியுள்ளது என்பதைக் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிரம் 1956, 1957 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளால் காட்டினார். இந்நோய் ஆப்பிரிக்க மக்களுக்கே உரியதென்ற எண்ணம் நிலவிய காலத்தில், 1952இல் லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர் இருவர் நம் நீலகிரியின் பழங்குடி மக்களிடமும் இப்பிழை இருத்தலை அறிவித்தனர்.

இத்தகைய தீங்கு தரும் பிழை தலைமுறைதோறும் நிலைத்தது எவ்வாறு? பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் பிழையைப் பெற்றவருக்குப் பொதுவாக நோய் வருவதில்லை. மாறாக, மலேரியாவின் கொடுமையிலிருந்து ஓரளவு காப்புக் கிடைக்கிறது. 1954இல் ஆந்தனி அல்லிசன் இதனை விளக்கினார். மலேரியா மிகுந்த நிலங்களில் இப்பிழை நிலைபெற்றமைக்கு இதுவே காரணம்.

பழைய பாடத்தை மீட்டல்

1948இல் ஜேனட் வாட்சன் என்னும் மருத்துவர் கூர்ந்து நோக்கிய செய்தி ஒன்று உண்டு. இந்நோயுடன் பிறந்த குழந்தைகளிடம் முதற்சில மாதங்களில் நோயின் கொடுமை வெளிப்படுவதில்லை. காரணம், கருவிலிருக்கும்போது நம் உடல் வேறொரு ஹீமோகுளோபினை உண்டாக்குகிறது. அதில் பீட்டா இழை இல்லை. ஆதலின் பிழையும் இல்லை. பிறந்த பின்னர் அதன் உற்பத்தி படிப்படியாக நின்றுவிடுகிறது. அதனை நிறுத்தி வைப்பதில் பி.சி.எல்.11ஏ என்னும் புரதத்துக்குப் பெரும்பங்கு உண்டென்பதை 2008இல் ஸ்டூவர்ட் ஆர்க்கின், விஜய் சங்கரன் முதலியோர் கண்டறிந்தனர். எனவே, பிழையுற்ற எழுத்தைத் திருத்தாமலே, மூடிக்கிடக்கும் பழைய பாடத்தைத் திறந்துவிட்டால் போதும் என்னும் வழி புலனாயிற்று.

அதற்கான கருவி நுண்ணுயிரிகளிடமிருந்து கிடைத்தது. தம்மைத் தாக்கும் வைரசுகளின் மரபெழுத்துத் துணுக்குகளைப் பாக்டீரியாக்கள் சேமித்து வைத்துக்கொண்டு, அதே வைரசு மீண்டும் வருமாயின் இனங்கண்டு வெட்டிவிடுகின்றன. கிரிஸ்பர் எனப்படும் இக்காப்பு முறையை, விரும்பிய இடத்தில் டி.என்.ஏ.வை வெட்டும் கத்தரிக்கோலாக ஆக்கலாம் என்பதை எம்மானுவேல் சார்பென்டியே, ஜெனிஃபர் தௌட்னா ஆகிய இரு பெண் அறிஞர்கள் 2012இல் காட்டினர். 2020ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவர்களைச் சேர்ந்தது.

இன்று நோயாளியின் குருதியை உண்டாக்கும் மூல உயிரணுக்களைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் பி.சி.எல்.11ஏ மரபணுவின் ஒரு பகுதியைக் கத்தரித்து, மீண்டும் அவருடலிலேயே செலுத்துகின்றனர். காஸ்ஜெவி என்னும் இம்மருத்துவத்துக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. அமெரிக்க ஒப்புதலுக்கு அடிப்படையான ஆய்வில் மதிப்பிடப்பெற்ற 31 பேருள் 29 பேர் குறைந்தது 12 மாதங்கள் தொடர்ந்து கடும் வலித்தாக்குதல் இன்றி வாழ்ந்தனர்.

எட்டாக் கனியும் எட்டும் கனியும்

ஆயினும் அமெரிக்காவில் இதற்குக் குறித்த விலை ஒருவருக்கு 22 இலட்சம் டாலர். மேலும், பழைய மூல உயிரணுக்களை அழிக்க வலிய மருந்துகள் தரவேண்டும். அவை மகப்பேற்று ஆற்றலையும் பாதிக்கக்கூடும். இந்நோயை மிகுதியாகச் சுமப்போர் ஆப்பிரிக்க ஏழைகளும் நம் நாட்டுப் பழங்குடியினருமே. அவர்களுக்கு எட்டாத மருந்து அறிவின் வெற்றியாகலாம், அறத்தின் வெற்றியாகாது. குறைந்த செலவில் உள்நாட்டு மருத்துவம் காணத் தில்லி ஆய்வாளர்கள் முயன்று வருவது நம்பிக்கை தருகிறது.

அதுவரை நம் கைக்கு எட்டுவன சில உண்டு. ஹைட்ராக்சியூரியா என்னும் விலை குறைந்த மருந்து, கருக்கால ஹீமோகுளோபினைப் பெருக்கி வலியைக் குறைக்கிறது. 2047க்குள் இந்நோயை ஒழிக்கும் நோக்குடன் 2023 ஜூலையில் இந்திய அரசு தொடங்கிய இயக்கம், 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரின் குருதியைச் சோதிக்கத் திட்டமிட்டது.

இவ்விடத்தில் சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு கடமை உண்டு. பெற்றோர் இருவரும் பிழையைச் சுமப்பவராயின் ஒவ்வொரு மகப்பேற்றிலும் நோய்க்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. அதே மரபணுவில் நேரும் வேறு பிழைகளால் விளையும் தலசீமியாவுக்கும் இக்கணக்குப் பொருந்தும். நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில், ஒரே முன்னோர்வழி வந்த பிழை இருவரிடமும் அமைந்திருக்கும் வாய்ப்பு மிகுதி. ஆகவே மணம் பேசுமுன் இருவரின் குருதியையும் சோதித்தறிதல் நன்று. பிழையைச் சுமப்பவர் நோயாளி அல்லர். பிழையற்ற ஒருவரை மணந்தால் அவர்தம் பிள்ளைகளுக்கு இந்நோய் வாராது. இதனை அறியாது, சோதனை முடிவைக் காட்டி ஒரு பெண்ணையோ ஆணையோ ஒதுக்குவது, ஓரெழுத்துப் பிழைக்காக நூல் முழுவதையும் எரிப்பதற்கு ஒப்பாகும்.

ஒரு மாணவரின் குருதியில் வளைந்த அணுக்களைக் கண்ட நாள் தொட்டு இம்மருத்துவம் உருவாக நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதன் பயன் நீலகிரியின் குடிசை வரை சென்று சேர்வதற்கு இன்னொரு நூறாண்டு ஆகாமல் காப்பது, இன்று பயிலும் நம் மாணவச் செல்வங்களின் கையில் உள்ளது.