எய்ட்ஸ் தடுப்பில் அயல்நாட்டு நிதியும் ஆய்வுக்கூடமும்

1986ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், பனிக்கட்டிப் பெட்டியொன்றில் வைக்கப்பட்ட இரத்த மாதிரிகள் சென்னையிலிருந்து இரவு ரயிலில் காட்பாடிக்குச் சென்றன. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் துறையைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமன் அம்மையாரின் யோசனைப்படி, அவருடைய மாணவி நிர்மலா திரட்டிய மாதிரிகள் அவை. அவற்றைச் சோதிக்கும் வசதி அன்று சென்னையில் இல்லை; வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் இருந்தது. அங்கே ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. தொற்றின் அடையாளம் தென்பட்டது. அந்நோய் நம் நாட்டை அணுகாது என்று பலர் கொண்டிருந்த நம்பிக்கை அத்துடன் கலைந்தது. சோதிக்க இடமில்லாத ஊரில் நோயும் இல்லாததுபோலவே தோன்றும் என்பதை அந்த ரயில் பயணம் காட்டிற்று.

1992ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தை அமைத்தது. முதல் திட்டத்திற்கு உலக வங்கி 8 கோடியே 40 லட்சம் டாலரும், 1999இல் தொடங்கிய இரண்டாம் திட்டத்திற்கு 19 கோடியே 10 லட்சம் டாலரும் அளித்தது. இவற்றை உலக வங்கியின் 'உதவி' என்று ஏடுகள் குறிக்கும். அரசாங்க ஏடுகளைத் தமிழாக்கும் பணியிலிருக்கும் நமக்கு இச்சொல் சற்றே இடறும். உண்மையில் இது கடன்; வட்டி மிகக் குறைவு, தவணை நீளம், எனினும் திருப்பித் தரவேண்டிய பணம். 2002இல் தோன்றிய உலக நிதியம் தருவதும், அடுத்த ஆண்டில் கேட்ஸ் அறக்கட்டளை தொடங்கிய 'ஆவஹன்' திட்டத்தின் பணமும் மானியம், திருப்பித் தரவேண்டியதில்லை. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், செலவில் பெரும்பகுதியை நாமே சுமந்தோம் என்பது மறைந்துபோகிறது.

இப்பணத்தால் இரத்த வங்கிகள் சீர்பெற்றன. சோதனைக் கருவிகள் வந்தன. ஆயினும் கருவி வாங்குவது எளிய வேலை. அது தரும் விடை சரியா என்று சோதிப்பவரையே சோதிக்கும் ஏற்பாடுதான் அரிது. நோயில்லாதவருக்கு 'உண்டு' என்று ஒரு தாள் சொல்லிவிட்டால் ஒரு குடும்பம் குலையும்; நோயுற்றவருக்கு 'இல்லை' என்று சொன்னால் மற்றொரு குடும்பத்தில் நோய் நுழையும். ஆகவே புனே நகரின் தலைமை ஆய்வுக்கூடத்தின் கீழ் 13 தேசிய மேற்கோள் ஆய்வுக்கூடங்களும், அவற்றின்கீழ் நூற்றுக்கு மேற்பட்ட மாநில ஆய்வுக்கூடங்களும் அமைந்தன. தில்லியின் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் அப்பதின்மூன்றில் ஒன்று. மேலிருந்து எண் மட்டும் இட்ட குப்பிகள் கீழே அனுப்பப்படும். எதில் கிருமி உண்டு, எதில் இல்லை என்பது அனுப்பியவருக்கே தெரியும். கீழுள்ள கூடத்தார் சோதித்து எழுதியனுப்பும் விடை ஒப்பிடப்படும். பள்ளித் தேர்வு போன்றதுதான். மாணவர் ஆய்வுக்கூடமே என்பதுதான் வேறுபாடு.

2004ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி, எட்டு அரசாங்க மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகத் தொடங்கிற்று. இம்மருந்து கிருமியை அடியோடு அழிப்பதில்லை, அடக்கிவைக்கிறது. மருந்துக்குப் பணியாத கிருமி உடலில் பெருகத் தொடங்கினாலும் நோயாளி சில காலம் நலமாகவே காணப்படுவார். ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் கிருமி எத்தனை என்று எண்ணும் சோதனையொன்றே அதை முன்கூட்டி அறிவிக்கும். ஆயிரத்திற்கு மேற்பட்டால் மருத்துவர் விழித்துக்கொள்ள வேண்டும். சிகிச்சை பெறுவோர் அனைவருக்கும் இச்சோதனையை இலவசமாகச் செய்யும் ஏற்பாடு 2018இல்தான் வந்தது. மருந்து வந்து பதினான்கு ஆண்டுகள் கழிந்தபின்! மருந்து வழங்குவது கண்ணுக்குத் தெரியும், ஆய்வுக்கூடம் தெரியாது என்பதைத் தவிர இத்தாமதத்திற்கு நாம் வேறு பெரிய காரணம் காண இயலவில்லை.

அயல்நாட்டுப் பணம் நிலையானதன்று. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசாங்கம் தன் வெளிநாட்டு உதவியைத் திடீரென நிறுத்திவைத்தபோது, தென்னாப்பிரிக்காவில் அப்பணத்தில் ஊதியம் பெற்ற சுகாதாரப் பணியாளர் பல்லாயிரவர் வேலை இழந்தனர். நம் நாட்டிலோ, 2021 முதல் 2026 வரைக்கான ஐந்தாம் திட்டத்தின் 15,471.94 கோடி ரூபாயையும் மத்திய அரசாங்கமே ஏற்பதென முடிவாகியிருந்தது.

சொந்தப் பணமென்றால் கவலையில்லை என்று எண்ணுவதற்கும் இல்லை. 2022 ஜூலையில், தில்லி ஜன்பத் சாலையில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் வாயிலில் நோயாளர்கள் வந்தமர்ந்து, மருந்து கிடைக்கவில்லையென்று வாரக்கணக்கில் முறையிட்டனர். நாடு முழுமைக்கும் கையிருப்பு போதுமென்று அரசாங்கம் கூறிற்று. தங்கள் ஊர் மருந்தகத்தில் இல்லையென்று அவர்கள் கூறினர். மருந்து குறைந்தால் இவ்வாறு கேட்க ஆள் உண்டு. சோதனைக்கான வேதிப்பொருள் தீர்ந்து, மாதிரிகள் குளிர்பெட்டியில் காத்துக் கிடந்தால், அதற்காக வாயிலில் வந்து அமர்பவர் எவருமில்லை. மருந்துக் கையிருப்போடு வேதிப்பொருளின் கையிருப்பையும் மாவட்டவாரியாக மாதந்தோறும் வெளியிடுவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று.