குளிர் ஆலைகளும் சுண்ணப் படிவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கிணற்று நீரைக் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் நாளடைவில் வெண்ணிறப் படையொன்று படிவதை அங்குள்ள இல்லத்தரசியர் நன்கறிவர். அதனைச் சுரண்டி எறிதல் எளிய காரியமே. ஆனால் அதே நீர், மீன் பதனிடும் ஆலையொன்றின் குளிர்ப்பொறியிற் புகும்போது, அவ்வெண்படை கைக்கும் கண்ணுக்கும் எட்டாத இடத்திற் படிந்து பொறியின் ஆற்றலைச் சிறிது சிறிதாகக் குறைத்துவிடுகின்றது. கடலிலிருந்து கரைசேர்ந்த மீன் கெடாதிருப்பது பனிக்கட்டியினால். பனிக்கட்டி உறைவது குளிர்ப்பொறியினால். ஆகவே இப்படிவைத் தடுக்கும் வகையை அறிதல் ஆலைக்காரருக்கு மட்டுமன்றி, அவ்வாலையை நம்பியிருக்கும் மீனவருக்கும் பயன் தருவதாகும்.

குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். மழைநீர் வளியிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலத்தன்மை பெறுகின்றது. அது சுண்ணக்கல்லினூடே இறங்கும்போது கல்லைக் கரைத்துக் கல்சியம் இருகாபனேற்றாகத் தன்னுடன் கொண்டுசெல்கின்றது. இவ்வாறு வந்த நீரே வன்னீர் எனப்படும். அந்நீர் சூடேறும்போதும் காற்றுடன் கலந்து தெறிக்கும்போதும் காபனீரொட்சைட்டு வெளியேறுகின்றது. கரைந்திருந்த சுண்ணம் மீண்டும் கல்லாகி அருகிலுள்ள பரப்பிற் பற்றிக்கொள்கின்றது. சர்க்கரை சூடான நீரிற் கூடுதலாகக் கரையும். சுண்ணமோ சூடான நீரிற் குறைவாகவே கரையும். அதனால் எந்தக் குழாய் மிகச் சூடானதோ அந்தக் குழாயிலேயே படிவும் மிகுதியாகும்.

குளிர் ஆலையிற் சூடான குழாய் ஏன் என்று சிலர் வினவலாம். பெரும்பாலான பெரிய ஆலைகளிற் பயன்படுவது அமோனியா. சாதாரண வளியமுக்கத்தில் அது பூச்சியத்துக்குக் கீழ் 33 செல்சியசு பாகையிலேயே கொதிக்கும் இயல்பினது. குளிரறையின் குழாய்களில் அது ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சுகின்றது. அமுக்கி அவ்வாவியை நெருக்கி ஒடுக்கிக்கு அனுப்புகின்றது. அங்கே ஆவி தான் சுமந்து வந்த வெப்பத்தைக் கைவிட்டு மீண்டும் திரவமாகின்றது. அவ்வெப்பத்தை ஏற்றுக்கொள்வதற்காகவே ஒடுக்கியின் குழாய்கள்மேல் நீர் தெளிக்கப்படுகின்றது. நீரில் ஒரு பகுதி ஆவியாகி வெப்பத்தை வானிற் கொண்டுசெல்கின்றது. நீர் போய்விடும், நீரில் இருந்த சுண்ணம் போவதில்லை.

நாளொன்றுக்கு 10 தொன் பனிக்கட்டி உறையவைக்கும் ஆலையொன்றை எடுத்துக்கொள்ளலாம். அதன் ஒடுக்கியில் நாள்தோறும் ஏறத்தாழ 3,000 லீற்றர் நீர் ஆவியாகும். அந்நீரில் லீற்றருக்கு 300 மில்லிகிராம் சுண்ணம் இருப்பின், நாளொன்றுக்கு எஞ்சுவது 900 கிராம். மாதமொன்றுக்கு 27 கிலோகிராம். தொட்டி நீரை மாற்றாது விட்டால், இதிற் பெரும்பகுதி தொட்டியிலும் தெளிப்பான்களிலும் குழாய்களிலும் கல்லாய் உறையும் என்பது கூறாமலே விளங்கும்.

சுண்ணப் படை வெப்பத்தைக் கடத்தும் திறன் எஃகினுடையதில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே. குழாய்க்குப் போர்வை போர்த்ததுபோல வெப்பம் உள்ளேயே தங்கிவிடுகின்றது. அமோனியா 35 பாகையில் ஒடுங்குவதற்குப் பதிலாக 45 பாகையில் ஒடுங்க நேர்ந்தால், அதன் அமுக்கம் வளியமுக்கத்தின் 13 மடங்கிலிருந்து 17 மடங்குக்கு மேல் உயரும். ஒடுங்கும் வெப்பநிலை ஒரு பாகை உயருந்தோறும் மின்செலவு நூற்றுக்கு 2 முதல் 3 வீதம்வரை கூடும். அமுக்கம் எல்லை மீறினாற் காப்பு ஆளி பொறியை நிறுத்திவிடும். இது பெரும்பாலும் வெயில் மிகுந்த நாளில், பனிக்கட்டி மிக வேண்டப்படும் வேளையிலேயே நிகழும்.

தடுக்கும் வழிகளுள் முதலாவது, தொட்டி நீரின் ஒரு பகுதியை இடைவிடாது வெளியேற்றிப் புதுநீர் சேர்த்தல். தொட்டியிலுள்ள உப்புச் செறிவு கிணற்று நீரினதிலும் இருமடங்கைத் தாண்டாதிருக்க வேண்டுமாயின், 3,000 லீற்றர் ஆவியாகும்போது மேலும் 3,000 லீற்றரை வெளியேற்றல் வேண்டும். மும்மடங்குவரை விடலாமெனின் 1,500 லீற்றர் போதும். ஆறுமடங்காயின் 600 லீற்றரே போதும். வன்மை மிகுந்த நீருக்கு உயர்ந்த செறிவு ஒவ்வாது. எனவே அங்கு நீர் மிகுதியாக வீணாகும்.

இங்கேதான் குடாநாட்டின் இடர்ப்பாடு தோன்றுகின்றது. வற்றாத ஆறு அங்கில்லை. நிலத்தடி நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படை. அதை அளவுமீறி இறைத்தாற் கிணறுகள் உவராகும். ஆகவே சிலர் கல்சியத்தைச் சோடியத்தால் மாற்றும் பிசின் தொட்டிகளை நாடுகின்றனர். படிவைத் தடுக்க அது சிறந்த முறையே. எனினும் அப்பிசினை உப்புக்கரைசலால் அடிக்கடி கழுவ வேண்டும். அக்கழிவுநீரை வெடிப்பும் துளையும் நிறைந்த சுண்ணக்கல் நிலத்தில் விட்டால், அது அயலவரின் கிணற்றைச் சென்றடையும். ஆலையின் குழாயைக் காத்து ஊரின் குடிநீரைக் கெடுத்தல் நன்மையாகாது.

இவ்விரு தீமைகளுக்கும் நடுவே நல்ல துணையாவது மழைநீர். ஆலைகளின் அகன்ற கூரைகளில் வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் விழும் நீரிற் சுண்ணம் மிகக் குறைவு. அதனைத் தேக்கிக் கிணற்று நீருடன் கலந்தால், வெளியேற்றும் நீரும் குறையும், இறைக்கும் நீரும் குறையும். எனினும் மென்னீர் மட்டுமே ஓடினால் நாகமுலாமிட்ட குழாய்கள் அரிபடும். ஆதலாற் கலக்கும் அளவை நீர்ப்பரிசோதனைகொண்டு தீர்மானித்தல் வேண்டும். படிவு தடுக்கும் இரசாயனங்களையும் அவ்வாறே அளவறிந்து சேர்த்தல் வேண்டும்.

அன்றாடக் கவனமும் இன்றியமையாதது. தெளிப்பான் ஒன்று அடைபட்டால், நனைந்தும் நனையாமலும் இருக்கும் குழாயிற் படிவு விரைந்து திரளும். படிந்தபின் அமிலத்தாற் கழுவுதல் கடைசி வழி; அது கல்லோடு நாகமுலாமையும் கரைத்துவிடக் கூடும். வாரந்தோறும் தெளிப்பான்களை நோக்குதல், நீரின் வன்மையை அளத்தல், ஒடுங்கும் அமுக்கத்தை ஏட்டிற் குறித்தல் ஆகிய மூன்றும் பெருஞ்செலவு வேண்டாதவை. அமுக்கம் சிறிது சிறிதாக ஏறுவதை அந்த ஏடு முன்கூட்டியே காட்டிவிடும். பொறி நின்றபின் கூலியாளைத் தேடி ஓடுவதிலும், ஏடு காட்டும்போதே வெளியேற்று வால்வைச் சற்றே திறப்பது எவ்வளவோ மேல்.