ஒரு பல் தவறினால்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ரந்தாவ், லிங்கி, பஹாவ், கெமாஸ் முதலிய ஊர்களைச் சுற்றிப் பரந்துகிடக்கும் தோட்டப்புறங்களில், ரப்பர்ப் பால்மரங்கள் நின்ற நிலத்தைச் செம்பனை பெரிதும் கைக்கொண்டுவிட்ட பின்னரும், அங்கே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பங்களின் வாசல்களில் பழைய புரோட்டோன் கார்கள் நிற்பதை இன்றும் காணலாம். 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி வெளிவந்த மலேசியாவின் முதல் தேசியக் காரான புரோட்டோன் சாகா, மிட்சுபிஷியின் ஓரியன் எஞ்சினைத் தாங்கி வந்தது. அந்த எஞ்சினின் முன்முகத்தில், மூடிக்குள் மறைந்து, டைமிங் பெல்ட் என்னும் பல் வைத்த பட்டை ஓடுகிறது. 2004இல் புரோட்டோனின் ஜென்-2 காரோடு வந்த கேம்புரோ எஞ்சினிலும் அவ்வாறே. அதனை மாற்றுவது சிறு பட்டறைகளுக்குப் பழகிய வேலைதான். ஆயினும் அவ்வேலையின் சூட்சுமத்தைக் காரின் சொந்தக்காரரும் அறிந்திருப்பது அவசியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்றுங்கால், வால்வுகளைத் திறந்து மூடச் செய்யும் கேம் தண்டு ஒரே ஒரு முறை சுற்ற வேண்டும் என்பது நான்கு வீச்சு எஞ்சினின் ஆதார விதி. இதன் பொருட்டே கேம் சக்கரத்துக்குக் கிராங்க் சக்கரத்தைப்போல் இருமடங்கு பற்களை அமைத்திருக்கிறார்கள். நிமிஷத்துக்கு 3,000 சுற்று என்ற சாதாரண வேகத்திலேயே ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது; அத்தனை முறையும் அது பிஸ்டன் நிற்கும் ஸ்தானத்தை அனுசரித்தே நிகழ வேண்டும்.

கேம் சக்கரத்தில் 48 பற்கள் உண்டென்று வைத்துக்கொண்டால், பட்டை ஒரு பல் தவறி அமைவது கேம் தண்டில் 7½ பாகைப் பிழை. கிராங்க் தண்டின் கணக்கிலோ அது 15 பாகை. எஞ்சின் ஓடத்தான் செய்யும். ஆனால் இழுவை குன்றும், ஓட்டம் நடுங்கும், பெட்ரோல் வீணாகும். பிழை மேலும் மிகுந்தாலோ, பட்டையே அறுந்தாலோ, கேம்புரோ போன்ற எஞ்சின்களில் இறங்கி நிற்கும் வால்வின்மீது ஏறிவரும் பிஸ்டன் மோதி, வால்வுகள் வளைந்து, எஞ்சினின் தலைப்பாகத்தையே கழற்ற நேரிடும். பால்வெட்டுக் கத்தி ஒரு நூலிழை ஆழமாகப் போனாலும் மரத்தின் உயிர்ப்படலம் புண்பட்டு, அந்த வடு ஆண்டுக்கணக்கில் மறையாது என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்த மக்களுக்கு, ஒரு பல்லின் பிழை எத்தகையது என்பதை நீட்டி விளக்க வேண்டுவதில்லை.

அம்மக்கள் வெட்டியெடுத்த பாலிலிருந்து வந்த ரப்பர் இந்தப் பட்டைக்கு உதவவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இயற்கை ரப்பரின் மூலக்கூற்றுச் சங்கிலியில் கண்ணிதோறும் உள்ள இரட்டைப் பிணைப்பை வெப்பமும் ஓசோனும் தாக்கிச் சிதைக்கின்றன. எஞ்சின் எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் ஊதிப்போகிறது. ஆகவே, 1931இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த குளோரின் சேர்ந்த செயற்கை ரப்பரான நியோப்ரீன் பட்டைக்குப் பயன்பட்டது. பின்னர் ஹைட்ரஜன் ஏற்றிய நைட்ரைல் ரப்பர் அதன் இடத்தைப் பெற்றது. பெருவாரியாக உற்பத்தியான கார்களில் டைமிங் பெல்ட்டை முதலில் பிரயோகித்தது, 1962இல் உற்பத்திக்கு வந்த ஜெர்மனியின் கிளாஸ் 1004. பட்டை நீளாதிருக்க உள்ளே கண்ணாடி இழைகளை வைத்திருக்கிறார்கள். புதுப் பட்டையை மடித்தாலும் முறுக்கினாலும் அவ்விழைகள் உள்ளுக்குள்ளேயே முறிந்துவிடும். எஞ்சினைத் தாங்கும் மௌண்டிங்கிலும் டயரிலும் பால்மரத்தின் ரப்பர் இன்றும் தன் கடமையைச் செய்துவருகிறது.

இனி, பொருத்தும் முறை. பாட்டரி இணைப்பை நீக்கியபின், கிராங்க் தண்டின் போல்ட்டில் ஸ்பானரை இட்டு, எஞ்சின் இயல்பாகச் சுழலும் திசையிலேயே திருப்பி, முதல் சிலிண்டரின் பிஸ்டனை அழுத்த வீச்சின் உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். நான்கு வீச்சும் முடிவதற்குள் பிஸ்டன் இருமுறை உச்சியை எட்டுமாதலால் கிராங்க் குறி மட்டும் பொருந்தினால் போதாது. கேம் சக்கரத்தின் குறியும் தன் எதிர்க்குறியோடு நேர்கொள்ள வேண்டும். கிராங்க் தண்டின் வெளிப்புறப் புல்லியின் குறியை நம்பி நிர்ணயம் செய்வது ஆபத்து. அதன் நடுவிலுள்ள ரப்பர் வளையம் காலப்போக்கில் நழுவி, குறியும் இடம் மாறியிருக்கக்கூடும். உள்ளே இருக்கும் பற்சக்கரத்தின் குறியே பிரமாணம். பட்டையைக் கழற்றியபின் எந்தத் தண்டையும் அசைக்கலாகாது. புதுப் பட்டையை மாட்டுங்கால் தொய்வு முழுவதும், பட்டையை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் உருளையின் பக்கமே சேரவும், மறுபக்கம் விறைப்பாக நிற்கவும் பார்த்துக்கொள்ள வேண்டும். மறுபக்கத்தில் தொய்வு தங்கினால், டென்ஷனர் இழுத்த மாத்திரத்தில் குறி விலகிவிடும்.

அதன்பின், கிராங்க் தண்டைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று திருப்பி, சக்கரக் குறிகளை மறுபடியும் ஒப்பிட வேண்டும். பிழை மிகுந்திருந்தால் ஸ்பானர் தடைபட்டும் நிற்கலாம். அங்கே பலத்தைப் பிரயோகிக்கலாகாது. சில பட்டைகளில் அச்சிட்டிருக்கும் வண்ணக்கோடுகள் இச்சுற்றுக்குப்பின் குறியைவிட்டு விலகி நிற்பது இயல்பே. அவை மாட்டும்போது வழிகாட்ட மட்டுமே உதவுவன. மொத்த வேலையிலும் இந்தக் கைச்சுற்றுக்கு ஆகும் நேரமே குறைவு. அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் இதுதான்.

தோட்டப் பாதைகளின் செம்மண் தூசி பட்டையைத் தேய்க்குமாதலால், மூடியைத் திரும்பப் பூட்டாமல் விடுவது பெருந்தவறு. தண்டுகளின் எண்ணெய் சீல்கள் கசிந்தால் அவற்றையும் உடனே மாற்றிவிட வேண்டும். பட்டையின் ஆயுள் எத்தனை கிலோமீட்டர் என்பதைக் காரின் கையேடு சொல்லும். பழைய கார் வாங்குகிறவர்களே, பட்டை எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு எழுத்து ஆதாரம் இல்லையானால் தயங்காமல் மாற்றிவிடுங்கள். அந்த இரண்டு கைச்சுற்றும் முடியும் முன் எவரையும் சாவியைத் திருப்ப விடாதீர்கள்.