இரவில் வாய் திறக்கும் கள்ளி

கௌபாய்ப் படங்களில் குதிரை வீரனுக்குப் பின்னால், "கைகளைத் தூக்கு!" என்ற உத்தரவுக்குப் பணிந்ததுபோல் நிற்கும் பச்சைத் தூணைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் சகுவாரோ. படக்காரர்கள் அதை அமெரிக்காவின் எந்த மூலையிலும் நட்டுவிடுவார்கள். உண்மையில் அரிசோனாவின் தென்பகுதியிலும் மெக்சிகோவின் வடமேற்கிலும் பரந்துள்ள சொனோரா பாலைவனமே அதன் வீடு. நம் ஊர் வேலியோரத்துச் சப்பாத்திக் கள்ளியும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். இரண்டும் ஒரே குடும்பம்.

சகுவாரோ 12 மீட்டருக்கும் மேல் உயரக்கூடியது. 150 ஆண்டுகளுக்கு மேல் வாழும். ஆனால் முதல் எட்டு ஆண்டுகளில் அது எட்டும் உயரம் சுமார் 3 சென்டிமீட்டர்தான்! பூக்க ஏறத்தாழ 35 ஆண்டுகளும், 'கை' முளைக்கப் பெரும்பாலும் 50 ஆண்டுகளுக்கு மேலும் ஆகும்.

இதன் உடலமைப்பில் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 6 சதுர சென்டிமீட்டர் மேற்பரப்பு உண்டு. பக்கம் 10 செ.மீ. ஆனால் அது 0.6 ஆகக் குறைந்துவிடும். நீர் ஆவியாவது மேற்பரப்பின் வழியே அல்லவா? ஆகவே இலைகள் இல்லாத பருத்த தண்டு நீரை எளிதில் இழப்பதில்லை. தண்டின் மடிப்புகள் ஆர்மோனியத்தின் துருத்தியைப் போன்றவை. மழை பெய்தால் ஆழமில்லாமல் நாற்புறமும் பரவிய வேர்கள் நீரை உறிஞ்ச, மடிப்புகள் விரியும், வறட்சியில் சுருங்கும். தோல் கிழிவதில்லை.

எனினும் ஒளிச்சேர்க்கைக்குக் கரியமில வாயு வேண்டுமே! அதற்காக நுண்துளைகளைத் திறந்தால் நீராவி வெளியேறிவிடும். சகுவாரோ பகல் முழுவதும் துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறக்கிறது. அப்போது பெற்ற வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெயிலில் உணவு தயாரிக்கிறது. வெண்ணிறப் பூக்களும் இரவில்தான் மலர்கின்றன. வௌவால்களுக்கு அங்கே விருந்து. மறுநாள் பிற்பகலுக்குள் பூக்கள் மூடிவிடும். அதுவரை தேனீக்களுக்கும் புறாக்களுக்கும் பங்கு உண்டு.

இரவு குளிரவில்லை என்றால்? 2023இல் பீனிக்ஸ் நகரில் ஜூன் 30 முதல் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பநிலை 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. பகலில் சூடேறிய சிமெண்டும் தார்ச்சாலையும் இரவில் வெப்பத்தை உமிழ்ந்தன. பாலைவனத்துக்கென்றே பிறந்த சகுவாரோக்களில் சில கைகளை இழந்தன. சில அடியோடு சாய்ந்தன. பகல் வெயிலைவிட ஆறாத இரவுகளே அவற்றை அதிகம் வாட்டின என்பது என் கருத்து.

இளங்கன்றுக்கு உறைபனியும் எமன்தான். காட்டில் பாலோ வெர்டே போன்ற ஒரு 'தாதி' மரத்தின் அடியிலேயே அது பெரும்பாலும் பிழைக்கிறது. கிளைகள் பகலில் நிழல் தரும். இரவில் தரையின் வெப்பம் திறந்த வானத்துக்குக் கதிர்வீசிப் போகாமல் போர்வையாகத் தடுக்கும்.

வளர்க்க விரும்புவோர் கருநிறச் சிறு விதைகளை நீர் தேங்காத மணற்பாங்கான மண்ணில் மேலாக விதைக்க வேண்டும். கன்றுக்கு நிழல் தேவை. மண் நன்கு காய்ந்த பின்பே நீர் விடலாம். அன்பு மிகுந்து தினமும் ஊற்றினால் வேர் அழுகிவிடும். காட்டில் வளரும் வேகத்திலேயே அதுவும் வளர்ந்தால், பத்தாம் வகுப்பில் விதைப்பவர் முதல் பூவைத் தம் ஐம்பதாவது வயதில் பார்க்கலாம். இவ்வளவு காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் வளர்ந்த செடிகளைத் திருடுவதும் உண்டு. அதனால் அரிசோனாவின் சகுவாரோ தேசியப் பூங்காவில் சில கள்ளிகளின் தண்டுக்குள் அடையாளச் சில்லுகளைப் பொருத்தியிருக்கிறார்கள்.