‘தோட்டத்தில் ஏதோ கடித்தது’ என்று சொல்லாதீர்கள்

வெளிநாட்டுப் பாம்பை வீட்டில் வளர்ப்பவர்கள் கடிபட்டதும் முதலில் செய்வது, கையைக் கழுவிக்கொண்டு யாரிடமும் மூச்சுவிடாமல் இருப்பது. வீக்கம் மணிக்கட்டைத் தாண்டிய பிறகுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது. அங்கே போயும் உண்மை வாயில் வருவதில்லை. ‘தோட்டத்தில் ஏதோ கடித்தது’ என்கிறார்கள். இந்தப் பொய் சில நேரம் பாம்பின் விஷத்தைவிட மோசமானது. பெயர் தெரியாத பாம்பு, ஏறிக்கொண்டே போகும் வீக்கம் என்றால் நம் ஊர் மருத்துவர் நாகத்தையும் விரியனையும்தான் முதலில் நினைப்பார், நினைக்கவும் வேண்டும். அவர் கையில் இருக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்காகக் குதிரை ரத்தத்திலிருந்து தயாரிக்கப்படுவது. கடித்தது அமெரிக்கப் பாம்பு என்றால் அதன் விஷத்துக்கு அது வேலை செய்யாது. ஆனால் அந்த மருந்தே கடும் ஒவ்வாமையைக் கிளப்பி ரத்த அழுத்தத்தைச் சரித்துவிடலாம். பலன் இல்லாத மருந்தின் ஆபத்தை மட்டும் நோயாளி வாங்கிக்கொள்கிறார்.

இப்படி மறைக்கப்படும் பாம்புகளுக்கு நல்ல உதாரணம் ஹாக்னோஸ். வட அமெரிக்கப் புல்வெளிகளைச் சேர்ந்தது. பன்றியைப் போல மேல்நோக்கி வளைந்த மூக்கு. இரண்டடி இருந்தால் பெரிது. மிரட்டினால் சீறும், மிஞ்சினால் மல்லாந்து செத்ததுபோல் நடிக்கும். இந்த நாடகத்துக்காகவே இதை வளர்க்கிறார்கள். இதன் நஞ்சுப்பல் வாயின் முன்னால் இல்லை, பின்னால் இருக்கிறது. விரியனுக்கு விஷத்தை ஊசிபோல் அழுத்திச் செலுத்தும் ஏற்பாடு உண்டு. ஹாக்னோஸுக்கு அது கிடையாது. மென்று மென்றுதான் விஷத்தைக் காயத்தில் இறக்க வேண்டும். அதனால் இங்கே முக்கியமான கேள்வி, கடித்ததா என்பதல்ல, எவ்வளவு நேரம் விடாமல் மென்றது என்பதே. கோபத்தில் கொத்திவிட்டு விலகினால் பெரும்பாலும் கீறலோடு போகும். எலி வாசனை அடிக்கும் விரலை இரை என்று கவ்வினால் நிமிடக்கணக்கில் விடாது. பிறகு விரல் தடித்து, கை வீங்கி, கொப்புளம் எழும்பி, தோல் கன்றிப்போகும். அந்த வீக்கம் முழுவதும் வடிய வாரங்கள் ஆகலாம்.

‘ஆயிரக்கணக்கானோர் வளர்க்கிறார்கள், யாருக்கு என்ன ஆயிற்று?’ என்று கேட்பார்கள். ஹாக்னோஸ் கடித்து இறந்ததாகப் பதிவு இல்லை, உண்மைதான். ஆனால் ‘லேசான விஷம்’ என்பது இதுவரை கடிபட்டவர்களின் கணக்கை வைத்துச் சொல்வது. ஆப்பிரிக்காவின் பூம்ஸ்லாங் பாம்பும் ஒரு காலத்தில் இப்படித்தான் அலட்சியமாகப் பார்க்கப்பட்டது. 1957 செப்டம்பரில் சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தில் பாம்பியல் அறிஞர் கார்ல் ஷ்மிட்டை அதன் குட்டி ஒன்று கடித்தது. அவர் மருத்துவமனைக்குப் போகவில்லை. தன் உடலில் நடப்பதைக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். ஈறில் ரத்தம் கசிந்தது. கடிபட்டு சுமார் ஒரு நாளில் இறந்துபோனார். 1975இல் ஜெர்மானியப் பாம்பியல் அறிஞர் ராபர்ட் மெர்டென்ஸ், தாம் வளர்த்த ஆப்பிரிக்கக் குச்சிப்பாம்பு கடித்து, இரண்டரை வாரத் துன்பத்துக்குப் பிறகு மாண்டார். இரண்டுமே பின்பக்க நஞ்சுப்பல் பாம்புகள். பாம்புகளோடே வாழ்ந்த இருவருக்கே இந்தக் கதி. ‘அவை வேறு, ஹாக்னோஸ் வேறு’ என்ற மறுப்பு நியாயமானது. ஆனாலும் ஹாக்னோஸ் கடித்த ஒருவருக்கு ரத்தத் தட்டணுக்கள் குறைந்ததை 2019இல் அமெரிக்க மருத்துவர்கள் முதன்முதலாகப் பதிவு செய்தார்கள். அதைக் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், நோயாளி மருத்துவமனைக்குப் போனதும், எந்தப் பாம்பு என்று தெரிந்திருந்ததும்தான்.

கவ்வியதும் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், தோல்தான் கிழியும். குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் பாம்போடு கையைக் காட்டுங்கள். விடாவிட்டால் அதன் வாயோரம் சானிடைசர் சில துளி விடுங்கள். மோதிரம், வாட்ச், வளையல் எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு மோதிரத்தை அறுக்கத்தான் வேண்டியிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, ஐஸ் வைக்கக் கூடாது. வலிக்கு ஆஸ்பிரினோ புரூஃபெனோ போடாதீர்கள். ரத்தம் உறைவதில் சிக்கல் இருந்தால் அவை அதைக் கூட்டிவிடும். அடுத்து 108. போய்ச் சேர்ந்ததும் முதல் வாக்கியமே பாம்பின் பெயராக இருக்கட்டும்: ‘வளர்ப்புப் பாம்பு, ஹாக்னோஸ், இத்தனை நிமிடம் கவ்வியிருந்தது.’ போட்டோவைக் காட்டுங்கள். பாம்பைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்க்கும் சோதனை எளிய ஆஸ்பத்திரியிலும் நடக்கும். ரத்தம் கட்டியாகாமல் வழிந்தால் விஷயம் பெரிது. ஆனால் தட்டணுக் குறைவை அந்தக் குழாய் காட்டாது. அதற்குத் தனியாக ரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டும், சில மணி நேரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். டெட்டனஸ் ஊசியைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். மருத்துவருக்குப் பழக்கமில்லாத பாம்பு என்றால் டெல்லி எய்ம்ஸின் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் அவரே கேட்கலாம். அந்த எண்ணை அவரிடம் கொடுப்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

பாம்பின் பெயரை மறைப்பதற்குக் காரணம், அதற்கான காகிதம் கையில் இல்லாததுதான். இதில் அரசின் விசித்திரத்தையும் சொல்லியாக வேண்டும். 2022இல் திருத்தப்பட்ட வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 2024இல் வந்த பதிவு விதிகளும், சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் ‘பரிவேஷ்’ இணையதளம் வழியாகத் தலைமை வனஉயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்யச் சொல்கின்றன. புதிதாகக் கைக்கு வந்தால் 30 நாளுக்குள். விஷமே இல்லாத பால் பைதான் அந்தப் பட்டியலில் இருக்கிறது. விஷமுள்ள ஹாக்னோஸ் இல்லை! அந்தப் பட்டியல் வணிகத்தால் அழியும் உயிர்களைக் காக்க எழுதப்பட்டது, கடிபடும் மனிதரை நினைத்தல்ல. பிரிட்டனில் ஆபத்தான விலங்குகளுக்கென்றே 1976இல் ஒரு சட்டம் வந்தது. பூம்ஸ்லாங்கை வளர்க்க உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். நம்மிடம் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்க ஆளில்லை. அதற்காக ஹாக்னோஸை யாரும் எப்படியும் வாங்கலாம் என்று அர்த்தமில்லை. உயிருள்ள விலங்கை இறக்குமதி செய்ய வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம், சுகாதார இறக்குமதி அனுமதி, சுங்கத்தின் இறக்குமதிப் பத்திரம் எல்லாம் வேண்டும். விற்பவரிடம் இவற்றின் நகலைக் கேளுங்கள். இங்கேயே முட்டையிலிருந்து பொரிந்தது என்றால் தாய்ப் பாம்பின் காகிதத்தைக் கேளுங்கள். மழுப்பினால், அந்தப் பாம்பு யாருடைய சூட்கேஸிலோ வந்தது என்று கொள்ளலாம். 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னையில் இறங்கிய ஒரு பயணியின் பெட்டிகளில் மட்டும் 22 பாம்புகள் இருந்தன. வெளிநாட்டுப் பாம்புக்குப் பதிலாக உள்ளூர்ப் பாம்பைத் தேடவும் வேண்டாம். நம் ஊர்ப் பச்சைப்பாம்பும் பூனைப்பாம்பும் இதே பின்பல் வகைதான். ஆனால் அவற்றைப் பிடித்து வளர்ப்பது குற்றம். 

‘உண்மையைச் சொன்னால் கேஸ் வருமே?’ வரலாம். பாம்புக்கடியை மருத்துவமனைப் பதிவேட்டில் எழுதத்தான் செய்வார்கள். தமிழ்நாட்டில் 2024 நவம்பரிலிருந்து பாம்புக்கடி அறிவிக்கப்பட வேண்டிய நோயும்கூட. ஆனால் அந்த அறிவிப்பு சுகாதாரத் துறையின் கணக்குக்கானது. மருத்துவர் வனத்துறை அதிகாரி அல்ல. வழக்கை வக்கீல் வைத்து நடத்தலாம். ரத்தம் உறையாமல் போனால் வாய்தா கிடைக்காது. மறுபடியும் சொல்கிறேன், பாம்பின் பெயரைச் சொல்லுங்கள். கேஸுக்குப் பயந்து பாம்பை ஏரிக்கரையில் விட்டுவிடாதீர்கள். வனத்துறையைக் கூப்பிட்டு ஒப்படையுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே பாம்பு இருக்கிறதா? இன்றைக்கே அதன் பொதுப்பெயர், அறிவியல் பெயர், 108, 1800 116 117 நான்கையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கண்ணாடிப் பெட்டியின் மேல் ஒட்டுங்கள். கடிபடுவது நீங்களாக இல்லாமல், பெட்டியைத் துடைக்க வந்த அம்மாவாகவும் இருக்கலாம்.